விறகு இல்லாத தீவு

பென்னாகரத்தில் பண்டாரி தஸ்தகீரின் வீட்டுக்கு வழி கேட்டால் யாரும் தெருப் பெயர் சொல்வதில்லை. "பள்ளிவாசலத் தாண்டிப் போங்க, வாசல்ல புளிய விறகு அடுக்கியிருக்கும், அந்த வூடுதான்" என்பார்கள். கல்யாணம், காது குத்து, கிடா விருந்து என்று சுற்று வட்டாரத்தில் எங்கே பிரியாணி தேக்சா அடுப்பேறினாலும் அதன் மூடியைத் திறக்கிற கை தஸ்தகீருடையது. வாசலில் அந்த விறகை அடுக்குகிற கை அவர் மனைவி ஷகிலாவுடையது. வந்து இறங்கும் கட்டைகளை அவள் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துப் பிரிப்பாள். தண்ணீர் கொதிக்கும் வரை நின்று எரிய வேண்டியது ஒரு பக்கம். கறி வேகும்போது அடங்கி எரிய வேண்டியது இன்னொரு பக்கம். தம் போடும்போது கங்காகி மூடி மேல் கிடக்க வேண்டிய முற்றிய கட்டைகள் சுவரோரம். இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டிச் சத்தம் கேட்டே ஈரக்கட்டையை ஒதுக்கிவிடுவாள்.

பண்டாரி வேலைக்குப் பெண்கள் போகும் வழக்கம் அவர்கள் குடும்பங்களில் கிடையாது. ஷகிலாவும் போக நினைத்துப் போனவள் இல்லை. அரூர்ப் பக்கம் சந்தைக்குச் சந்தை துணி விற்றவரின் மகள் அவள். கல்யாணமாகி வந்த புதிதில் ஏரியூரில் பெரியண்ணன் என்ற விவசாயியின் வீட்டில் காது குத்து. தஸ்தகீர்தான் சமையல். புதுப்பெண்ணையும் கூட்டி வரச் சொல்லியிருந்ததால் ஷகிலா ஜரிகைச் சேலை கட்டிக்கொண்டு விருந்தாளியாகப் போனாள். விறகு தள்ளுகிற ஆள் அன்றைக்கு வரவில்லை. தஸ்தகீர் ஒரு கையால் கறியைக் கிளறி, மறு கையால் விறகைத் தள்ளி, இரண்டும் கெடுகிற நிலையில் நின்றார். ஷகிலா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அடுப்பு முன்னால் போய் உட்கார்ந்தாள். அவர் "தள்ளு" என்றால் தள்ளினாள், "இழு" என்றால் இழுத்தாள். அன்று முழுக்கக் கணவனும் மனைவியும் பேசிக்கொண்டது அந்த இரண்டு வார்த்தைதான். சாப்பாடு முடிந்ததும் பெரியண்ணன் வெற்றிலைத் தட்டை இருவருக்கும் சேர்த்தே நீட்டினார். அதற்குப் பிறகு தஸ்தகீர் விறகுக்கு வேறு ஆள் தேடவில்லை. சில வருடங்களில் அந்த இரண்டு வார்த்தைகளும்கூடத் தேவையில்லாமல் போயின. தேக்சாவுக்குள் கொதிக்கிற சத்தத்தைக் கேட்டே அவள் தள்ளுவாள், இழுப்பாள்.

அந்த வேலையில் ஷகிலாவுக்கு மனக்குறை எதுவும் இல்லை. வீடு எழும்பியது அந்த அடுப்பில். மகள் ஹுமேரா படித்து ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போனதும் அந்த அடுப்பில்தான். ஒரே ஓர் ஆசை மட்டும் பாக்கி நின்றது. புருஷன் ஒரு நாளாவது தன் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். வேறு யாரோ சமைத்ததை இரண்டு பேரும் சாப்பிட வேண்டும்.

கேட்பதற்குச் சின்ன ஆசை. தஸ்தகீரைத் தெரிந்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு பெரிசு என்று தெரியும். நாகூருக்குப் போயிருந்தபோது பக்கத்து அறைக்காரர்கள் நேர்ச்சைக்குச் சோறு ஆக்கிக்கொண்டிருந்தார்கள். "அவுங்க அடுப்பு, அவுங்க சோறு, நமக்கென்னாங்க" என்று ஷகிலா சொல்லிப் பார்த்தாள். "சும்மா பாத்துட்டு வந்துடறேன்" என்று போனவர் திரும்பவில்லை. தேடிக்கொண்டு போனால் கரண்டி அவர் கையில் இருந்தது. "வந்துட்டியா? விறகு கொஞ்சம் ஈரமா இருக்குது" என்றார். நாகூர்க் கடலை அவள் பார்த்தது தேக்சா கழுவப் போனபோதுதான். ஏற்காட்டில் ஒரு பஜ்ஜிக் கடை. உம்ராவுக்குப் போன இடத்தில் குழுவோடு வந்த சமையல்காரருக்குக் காய்ச்சல். தஸ்தகீர் கரண்டியைப் பிடிக்க, தொழுகை நேரம் போக மிச்ச நேரமெல்லாம் ஷகிலா முழுக் குழுவுக்கும் வெங்காயம் நறுக்கினாள். அங்கே கேஸ் அடுப்பு. அதனால் வெங்காயத்தோடு போயிற்று.

ஆகவே, "மூணு பேரும் ஒரு வாரம் எங்கயாச்சும் போலாம் அம்மி, எடத்தை நீங்க சொல்லுங்க" என்று ஹுமேரா கேட்டபோது ஷகிலா யோசிக்கவே இல்லை.

"சுத்தியும் தண்ணியா இருக்கற எடமாப் பாரு."

"தீவா?"

"தீவுதான். உங்கப்பா எந்திரிச்சா எங்கயும் போவ முடியாத மாதிரி."

ஹுமேரா அதை வேடிக்கைப் பேச்சாக எடுத்துக்கொண்டு சிரித்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தபோது போனில் மூன்று தீவுகளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அந்தமான், லட்சத்தீவு, மாலத்தீவு. தஸ்தகீர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்றையும் பார்த்தார். "அங்கெல்லாம் என்ன அரிசி சாப்பிடறாங்க?" என்று கேட்டார்.

ஷகிலா லட்சத்தீவுப் படம் ஒன்றில் நின்றுவிட்டாள். கரைக்கும் அலைக்கும் நடுவே கடல், ஏரி மாதிரி அசையாமல் கிடந்தது. வெளிர் பச்சைத் தண்ணீர். அடியில் மணல் தெரிந்தது. முக்காடு போட்ட இரண்டு பெண்கள் கட்டிய துணியோடு மார்பளவு தண்ணீரில் உட்கார்ந்து, வாசற்படியில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி பேசிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் யாரும் அவர்களைப் பார்ப்பதாகத் தெரியவில்லை. ஷகிலா அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"இங்க அடுப்பெரிக்க என்ன பண்றாங்க?"

"அம்மி, நீங்க தீவு பாக்கறீங்களா, அடுப்பு பாக்கறீங்களா?"

"சொல்லேன்."

"தெரியலையே. டூர்க்காரரைத்தான் கேக்கணும்."

எப்போது போவது என்று தஸ்தகீர் முடிவு செய்தார். முஹர்ரத்தில் அவர்கள் ஆட்கள் கல்யாணம் வைப்பதில்லை. ஆடியில் மற்றவர்கள் வைப்பதில்லை. அந்த வருடம் இரண்டும் ஒட்டி வந்தன. பண்டாரிக்கு ஓய்வான மாதத்தில் கடலும் ஓய்வாக இருக்கும் என்று அவர் நினைத்துக்கொண்டார். தர்மபுரியில் டூர் ஆபீஸ் வைத்திருக்கிற மாதவராஜிடம் மூன்று பேரும் போய் உட்கார்ந்து தேதி சொன்னதும் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"பாய், உங்களுக்குக் கல்யாணம் இல்லாத மாசம், கடலுக்குக் கல்யாண மாசங்க. காத்தும் மழையும் ஒரே கச்சேரியா இருக்கும். மார்கழில போங்க. கடல் தட்டுல ஊத்துன மாதிரி இருக்கும்."

மார்கழியில் பாதி ஓய்வு உண்டு, தைக்குள் திரும்பிவிடலாம். தஸ்தகீர் கணக்குப் போட்டுச் சரி என்றார். மாதவராஜ் தீவுகளைச் சொல்ல ஆரம்பித்தார்.

"அந்தமான்ல உங்களுக்குப் பாஷைப் பிரச்சினையே இல்லீங்க. எங்க பாத்தாலும் தமிழாளுங்க. நாங்க சாப்பாட்டுக்குக் கூட்டிட்டுப் போற மெஸ்ஸே ஒரு பாலக்கோட்டுக்காரர் வெச்சிருக்கறதுதான்."

தஸ்தகீர் நாற்காலியை முன்னால் இழுத்தார். "பாலக்கோடா? எந்தத் தெரு? எத்தனை பேருக்கு ஆக்கறாராம்?"

ஷகிலா மனசுக்குள் அந்தமானை அடித்துவிட்டாள்.

"லட்சத்தீவு எப்படீங்க?" என்று அவளே கேட்டாள். குரலில் கொஞ்சம் ஆசை தெரிந்திருக்க வேண்டும். மாதவராஜ் அவள் பக்கம் திரும்பினார்.

"அருமையான எடங்க பாயம்மா. பர்மிட் வாங்கணும், அதை நான் பாத்துக்கறேன். அங்க எல்லாம் உங்க ஆளுங்கதான். தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் கவலையே இல்ல. தென்னமட்டையப் போட்டு எரிச்சு, சூரை மீனைச் சுட்டுக் குடுப்பாங்க பாருங்க."

"தென்னமட்டையிலயா?" என்றார் தஸ்தகீர். "சூடு நிக்காதே. வெளிய கருகி உள்ள பச்சையா இருக்குமே."

"நீங்க போயி அவுங்களுக்குச் சொல்லிக் குடுத்துட்டு வாங்க பாய்."

மாதவராஜ் சிரித்தார், தஸ்தகீரும் சிரித்தார். ஷகிலா சிரிக்கவில்லை. அந்தப் பச்சைத் தண்ணீரும் முக்காடு போட்ட பெண்களும் மெல்ல விலகிப் போவது போல இருந்தது.

"மூணாவது?"

"மாலத்தீவு. உம்ரா போனப்ப எடுத்த பாஸ்போர்ட் இருக்குது, சிரமம் இல்ல. ஒரு தீவு, ஒரு ஓட்டல், அவ்வளவுதான். நடந்தா சீக்கிரமே தொடங்குன எடத்துக்கு வந்துடலாம்."

"சமையக்கட்டு?"

"நம்மள அந்தப் பக்கமே விட மாட்டாங்க."

"விறகு?"

மாதவராஜுக்குப் புரியவில்லை. "விறகுங்களா? அங்க ஒரு குச்சி பொறுக்கிப் பத்த வெக்க முடியாதுங்க."

"அப்ப அதையே போடுங்க" என்றாள் ஷகிலா.

வீட்டுக்கு வந்த பிறகு ஹுமேரா விடவில்லை. மாலத்தீவு வீடியோக்களை ஒன்றன் பின் ஒன்றாகக் காட்டினாள். தண்ணீர் மேல் கட்டிய அறைகள், கண்ணாடித் தரை, குளிக்கிற உடுப்போடு உலாவுகிற வெளிநாட்டுக்காரர்கள்.

"அம்மி, இங்க நீங்க ரூமை விட்டு வெளிய வருவீங்களா?"

"வருவேன்."

"தண்ணில எறங்குவீங்களா?"

ஷகிலா முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள்.

"உண்மையச் சொல்லுங்க. மூணுல உங்களுக்குப் பிடிச்சது எது?"

"லட்சத்தீவு."

"அப்புறம் ஏன் இதைப் போடச் சொன்னீங்க?"

"அங்க விறகு இருக்குதுடி. உங்கப்பா மொத நாளே தென்னமட்டைக்குப் பக்கத்துல போயி நின்னுடுவாரு. நான் ஒத்தையா தண்ணில உக்காந்து யார்கிட்டப் பேசறது?"

அடுத்த அறையில் ஏலக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த தஸ்தகீரின் கை நின்றது. அவர்கள் வீட்டில் உருது பேசுகிற சத்தம் தெருவுக்கே கேட்கும். அடுத்த அறைக்குக் கேட்காமல் இருக்குமா. முறத்தோடு எழுந்து வந்து வாசற்படியில் நின்றார்.

"நான் சமைக்கறது உனக்கு அவ்வளவு தொந்தரவா இருக்குதா?"

"சமைக்கறது தொந்தரவு இல்லீங்க. நீங்க சும்மா உக்காந்து நான் பாத்ததே இல்ல. எப்படி இருப்பீங்கன்னு பாக்கணும், அவ்வளவுதான்."

தஸ்தகீர் முறத்தோடு திரும்பிப் போய் ஏலக்காயைப் பொறுக்கினார். இரண்டு நாள் கழித்து, சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தவர் நின்று சொன்னார்: "ஒகேனக்கல் போலாம்."

"எதுக்கு?"

"எட்டு வெச்ச எடமெல்லாம் அடுப்பு இருக்கற ஊரு. அங்க ஒரு நாள் பூரா உக்காந்து காட்டறேன். உக்காந்துட்டேன்னா லட்சத்தீவு. எந்திரிச்சேன்னா மாலத்தீவு."

"கரண்டியத் தொட்டா?"

"மாலத்தீவு."

"எட்டிப் பாத்தா?"

"பாக்கறதுக்குமா?"

"பாக்கறதுலதானேங்க எல்லாம் ஆரம்பிக்குது."

ஆவணியில் விருந்துகள் நெருக்கிக்கொண்டு வந்தன. புரட்டாசி பிறந்து ஊரே கறி, மீனை நிறுத்திய பிறகுதான் கை ஒழிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹுமேராவும் ஓசூரிலிருந்து வந்து சேர்ந்தாள், நடுவராம். ஆற்றில் செந்தண்ணீர் கூடுதலாக வந்துகொண்டிருந்தது. பரிசல் விடவில்லை. உட்கார்ந்திருப்பதைத் தவிர அங்கே செய்வதற்கு ஒன்றும் இல்லை.

மீனை வாங்கிக் கொடுத்தால் பொரித்தும் குழம்பு வைத்தும் தருகிற பெண்கள் அங்கே வரிசையாக உண்டு. புரட்டாசி என்பதால் பலர் வரவில்லை. செல்லம்மாள் மட்டும் மூன்று கல் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். இவர்களைப் பார்த்ததும் அவளுக்கு முகம் மலர்ந்தது.

"பண்டாரி பாயா? நல்லாப் போச்சு. இனி நான் எங்க சமைக்கறது? நீங்களே கரண்டியப் புடிங்க, நான் சாப்பிடறேன்."

"இன்னிக்கு நான் சாப்பிட வந்தவம்மா" என்றார் தஸ்தகீர். பாயில் போய் ஆற்றைப் பார்த்து உட்கார்ந்தார். அடுப்பு முதுகுப் பக்கம் இருந்தது.

"ஏன் பாயம்மா, பாய்க்கு ஒடம்பு சரியில்லையா?"

"ஒடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்குது. பந்தயம்."

செல்லம்மாள் பந்தயத்தின் கதையைக் கேட்டுக்கொண்டே மீனை ஆய்ந்தாள். கேட்ட பிறகு வேண்டுமென்றே சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தாள். "மொளகாத்தூள் ரெண்டு கை போடறேன் பாய். பத்துமா? மல்லி அரைக் கை. புளி இன்னும் கரைக்கல, அப்புறமாப் பாத்துக்கலாம்." தஸ்தகீரின் கால் கட்டை விரல் ஆடியது. தலை திரும்பவில்லை.

எண்ணெய் காய்ந்து மசாலா விழுந்த வாசனை வந்தது. அவர் மூக்கு ஒரு முறை விரிந்து சுருங்கியது.

"மல்லி வதங்கல" என்றார் மெதுவாக.

"எட்டிப் பாக்கக் கூடாது அப்பா" என்றாள் ஹுமேரா.

"பாக்கலம்மா. மூக்கை என்ன பண்ணச் சொல்ற, ஆத்துல கழட்டி வெக்கட்டுமா?"

ஷகிலா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சும்மா உட்கார்ந்திருக்கிற தஸ்தகீர் அவளுக்குப் புது ஆள். முழங்காலைக் கட்டிக்கொண்டு தண்ணீரைப் பார்த்தார். காதோரம் நரைத்திருந்தது. அடுப்புப் புகையின் நடுவே அதை அவள் சாம்பல் என்றே நினைத்திருக்கிறாள். கொஞ்சம் கொஞ்சமாக அவர் கால் விரல் ஆடுவதை நிறுத்தியது. தண்ணீரில் அடித்து வந்த ஒரு மரக்கிளையைக் காட்டி, "அது எந்த ஊர்லருந்து வருதோ" என்றார். "கர்நாடகாக் காட்டுலருந்து வரும்" என்றாள் அவள். இருவரும் அந்தக் கிளை கண்ணுக்கு மறையும் வரை பார்த்தார்கள். அப்படி எதையும் அவர்கள் சேர்ந்து பார்த்ததில்லை.

செல்லம்மாள் குழம்பில் மீனைப் போட்டுவிட்டு, பொரிக்கிற மீனுக்கு மசாலா தடவத் திரும்பினாள். விறகை மொத்தமாக உள்ளே தள்ளியிருந்தாள். ஒரு கட்டை ஈரம், சீறிக்கொண்டு புகைந்தது. மற்ற இரண்டும் வெறிகொண்டு எரிந்தன. குழம்பின் கொதி மாறியது. தளதள என்றிருந்த சத்தம் கடகடவென்று ஏறியது.

ஷகிலா எழுந்ததை அவளே அறியவில்லை. மரக்கிளையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவள், அடுத்த கணம் அடுப்பு முன்னால் குந்தியிருந்தாள். முந்தானை இடுப்பில் ஏறியிருந்தது. எரிகிற கட்டை ஒன்றை வெளியே இழுத்து மணலில் போட்டாகிவிட்டது, ஈரக்கட்டையைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"ஷகிலா" என்று பாயிலிருந்து குரல் வந்தது. "இழுக்காத. வந்து உக்காரு."

அவள் திரும்பினாள். தஸ்தகீர் அப்படியே, ஆற்றைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். திரும்பிப் பார்க்காமலே அவருக்குத் தெரிந்திருக்கிறது. கொதி அடங்கிய சத்தம் அவருக்கும் கேட்டிருக்கும். ஹுமேரா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

"என்ன பாயம்மா, என் அடுப்புல உங்களுக்கு என்ன வேலை?" என்றாள் செல்லம்மாள்.

"மீன் ஒடைஞ்சுடும்னு…"

"ஒடையட்டும்" என்றார் தஸ்தகீர். "அவுங்க அடுப்பு, அவுங்க கொழம்பு. நமக்கென்ன?"

அது அவளுடைய வார்த்தை. நாகூரில் சொன்னது, ஏற்காட்டில் சொன்னது. கையில் கரியோடு அவள் அப்படியே குந்தியிருந்தாள். நாகூரில் அவர் சொன்னதெல்லாம் விறகு ஈரமாக இருக்கிறது என்று மட்டும்தான். அடுப்பு முன்னால் உட்காரச் சொன்னாரா? ஏற்காட்டில் பஜ்ஜிக்காரரின் அடுப்பு அணையப் போகிறது என்று முதலில் பார்த்தது யார்? இத்தனை வருடமாக அவர் எழுந்து போகிறார் என்று குறை சொல்லிக்கொண்டிருந்தவள், அவர் பின்னாலேயே தானும் எழுந்து போனதை ஒரு தடவையும் கணக்கில் சேர்க்கவில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. புகையினால் கண்ணில் தண்ணீரும் வந்தது. செல்லம்மாள் ஒரு சொம்புத் தண்ணீரை நீட்ட, கை கழுவிக்கொண்டு வந்து பாயில் உட்கார்ந்தாள்.

"அப்பா எந்திரிக்கல" என்றாள் ஹுமேரா. "அம்மி எந்திரிச்சுட்டாங்க. இப்ப என்ன தீர்ப்பு சொல்றது?"

"பந்தயம் என்னைப் பத்தினதுதானே. நான் ஜெயிச்சேன். லட்சத்தீவு."

"அங்க போயி நான் எந்திரிச்சுட்டா?" என்றாள் ஷகிலா.

"கையப் புடிச்சு உக்கார வெக்கறேன்."

குழம்பு வந்தது. மீன் ஓரங்களில் உடைந்திருந்தது. புளி கொஞ்சம் தூக்கல், மல்லி உண்மையிலேயே வதங்கவில்லை. எதற்கும் "தேவலை" என்பதற்கு மேல் சொல்லிப் பழக்கமில்லாத தஸ்தகீர் இரண்டாம் தரம் சோறு வாங்கிப் பிசைந்தார். "எப்படி பாய்?" என்று செல்லம்மாள் இடுப்பில் கை வைத்து நின்று கேட்டாள். "நல்லா இருக்குதும்மா" என்றார். பொய் என்று அவளுக்கும் தெரிந்தது. ஆனாலும் சந்தோஷமாகத் திரும்பிப் போனாள்.

ஹுமேரா மாதவராஜைப் போனில் பிடித்துத் தீவை மாற்றச் சொன்னாள். அவர் ஏதோ கேட்க, போனைக் காதிலிருந்து எடுத்து, "அங்க எல்லா வூட்லயும் விறகு அடுப்பு இருக்குமே, பாயம்மாவுக்குப் பரவாயில்லையான்னு கேக்கறாரு" என்றாள்.

"இருந்துட்டுப் போவட்டும்னு சொல்லு" என்றாள் ஷகிலா, முள்ளை எடுத்துக்கொண்டே.

பின்னால் செல்லம்மாள் மீன் பொரிக்க மறுபடியும் விறகைத் தள்ளினாள். ஈரக்கட்டை மறுபடியும் சீறியது. புகை பாய் வரை வந்து இருவர் மேலும் கவிந்தது. ஷகிலாவின் முழங்கால் லேசாக அசைந்தது. தஸ்தகீர் சாப்பிடாத கையை எடுத்து அவள் மணிக்கட்டின் மேல் வைத்தார். இருவரும் ஆற்றைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்கள்.